இரவு ரெண்டு மணி டியூட்டி யாருக்கு?

பட்டாளத்தில் இருந்தவன் என்று தெரிந்ததும் பலர் என்னிடம் முதலில் கேட்பது, "உங்க கர்னல் ரொம்பக் கண்டிப்பா?" என்பதுதான். சிப்பாயாக இருந்த ஆரம்ப வருஷங்களில் கர்னலை நான் பார்த்ததெல்லாம் பரேடு மைதானத்தின் மறுகோடியில். என் தூக்கம், சாப்பாடு, லீவு, வாங்கிய திட்டு எல்லாம் செக்‌ஷன் கமாண்டர் கையில் இருந்தன. அவர் ஒரு ஹவில்தார். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். தலைமை என்று யாராவது பேச ஆரம்பித்தால் இன்றைக்கும் எனக்கு அவர் முகம்தான் ஞாபகம் வருகிறது.

நான் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சிப்பாயாகச் சேர்ந்து, குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் பயிற்சி முடித்து, படிப்படியாக ஏறி சுபேதாராக ஓய்வு பெற்றவன். எந்தப் பட்டாலியன் என்பது இங்கே வேண்டாம். சொல்லப்போவதில் பெரும்பகுதி எந்த இன்ஃபன்ட்ரி, அதாவது காலாட்படை, பட்டாலியனுக்கும் பொருந்தும். இப்போது கோயம்புத்தூர் பக்கம் ஒரு மில்லில் செக்யூரிட்டி பொறுப்பைப் பார்த்துக்கொள்கிறேன்.

அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் மீதி புரியாது. மிகச் சிறிய அணி செக்‌ஷன், 10 பேர். எல்.எம்.ஜி. என்கிற லைட் மெஷின் கன் வைத்திருக்கும் சிறு குழு ஒன்று, மீதிப் பேர் ரைஃபிள்காரர்கள். மூன்று செக்‌ஷன் சேர்ந்து ஒரு பிளட்டூன். மூன்று பிளட்டூன் சேர்ந்து ஒரு கம்பெனி, ஏறக்குறைய 120 பேர். இப்படி நான்கு ரைஃபிள் கம்பெனிகள், மோர்ட்டார் போன்ற ஆயுதங்களுக்கு ஒரு சப்போர்ட் கம்பெனி, நிர்வாகத்துக்கு ஒரு ஹெட்குவார்ட்டர் கம்பெனி. எல்லாம் சேர்ந்து 800 பேரைச் சுற்றி வருவது ஒரு பட்டாலியன். அதற்குத் தலைவர் சி.ஓ. என்கிற கமாண்டிங் ஆபீசர், நான் முதலில் சொன்ன கர்னல்.

இதில் ஒரு விஷயம் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. சி.ஓ. நேரடியாகக் கட்டளையிடுவது ஆறு கம்பெனி கமாண்டர்களுக்கு. கம்பெனி கமாண்டருக்குக் கீழே மூன்று பிளட்டூன் கமாண்டர்கள், ஒவ்வொரு பிளட்டூன் கமாண்டருக்கும் கீழே மூன்று செக்‌ஷன் கமாண்டர்கள். மூன்று, மூன்று என்று இறங்கி வந்து, கடைசியில் செக்‌ஷன் கமாண்டர் மட்டும் ஒன்பது பேரை நேருக்கு நேர் சமாளிக்கிறார். அவருக்குக் கீழே வேலையைத் தள்ளிவிட இன்னொரு படி கிடையாது. சட்டைக் கையில் மூன்று பட்டி, அவ்வளவுதான். மொத்தப் பட்டாலியனிலும் கஷ்டமான வேலை அவருடையது என்று நான் சொன்னால் ஆபீசர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

எங்கள் ஹவில்தார் அண்ணன் செய்தவை எல்லாம் பார்க்கச் சின்னச் சின்ன விஷயங்கள். நீண்ட மார்ச் முடிந்து எல்லாரும் அப்பாடா என்று சாய்கிற நேரத்தில், "பூட்ஸைக் கழட்டு" என்பார். ஒவ்வொருவன் பாதமாகப் பார்ப்பார். கொப்புளம் இருக்கிறதா, சாக்ஸ் ஈரமா, நகம் குத்துகிறதா என்று. கால் போன காலாட்படைக்காரனை இன்னும் இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டும், ஆக ஒரு கொப்புளத்துக்கு மூன்று ஆள் போச்சு என்பது அவர் கணக்கு. அப்புறம், எந்த உத்தரவைச் சொன்னாலும் முடித்ததும் செக்‌ஷனிலேயே இளையவனைக் கூப்பிட்டு, "நான் என்ன சொன்னேன், சொல்லு" என்பார். அவன் சரியாகச் சொன்னால் மற்ற எட்டுப் பேருக்கும் புரிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்வார். தப்பாகச் சொன்னால் அவனைத் திட்டமாட்டார், தான் சொன்னதையே வேறு மாதிரி மறுபடி சொல்வார். நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டதில் இதுவரை ஒரு தடவைகூடப் பயன்படாமல் போகாதது இந்தப் பழக்கம்.

ஹவில்தாராக இருந்த எனக்கு சி.ஹெச்.எம். பொறுப்பு வந்தது. சி.ஹெச்.எம். என்றால் கம்பெனி ஹவில்தார் மேஜர். கம்பெனியின் ஒழுங்கு, பரேடு, டியூட்டி எல்லாம் அவர் தலையில். ரேஷன், துணிமணி, சாமான் எல்லாம் இன்னொரு ஹவில்தாரான சி.க்யூ.எம்.ஹெச்., அதாவது கம்பெனி குவார்ட்டர்மாஸ்டர் ஹவில்தார் தலையில். இந்த இரண்டு பேரும் ஒத்துப்போகாத கம்பெனியில் கமாண்டரான மேஜர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் பிரயோஜனமில்லை.

சி.ஹெச்.எம். நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் 120 என்பது காகிதத்தில் இருக்கும் எண் என்று தெரிந்தது. லீவில் கொஞ்சம் பேர், கோர்ஸில் கொஞ்சம் பேர், உடம்பு சரியில்லாமல் லோ மெடிக்கல் கேட்டகரியில் சிலர், பிரிகேடு தலைமையகத்துக்கு அட்டாச்மெண்டில் சிலர். லங்கர் என்கிற சமையல்கூடத்தில் உதவிக்கு, ஆபீஸுக்கு, ஸ்டோருக்கு, ஆபீசர்களின் சகாயக்காக, அதாவது உதவியாளாக, என்று இன்னும் சிலர். எல்லாம் கழித்தால் இரவுக் காவலுக்கு நிற்க மிஞ்சுகிறவர்களை வைத்து மூன்று பிளட்டூனையே முழுசாகக் காட்ட முடியாது. அந்த மிச்சப் பேர்தான் தினமும் சுமக்கிறார்கள். கம்பெனியில் கசப்பு முதலில் இங்கேதான் முளைக்கும். "நான் மட்டும் ஏன் நிக்கணும், அவன் ஏன் ஆபீஸ்ல உட்கார்ந்து டைப் அடிக்கிறான்?"

இரவு சென்ட்ரி டியூட்டி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாறும். 8 முதல் 10 வரை கிடைத்தவன் அதிர்ஷ்டசாலி, முடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். 4 முதல் 6 வரை நிற்பவனுக்கும் முன்பாதித் தூக்கம் முழுசாக உண்டு. ஆனால் 2 முதல் 4 வரை நிற்பவனுக்குத் தூக்கம் இரண்டு பக்கமும் அறுந்துபோகும். திரும்பி வந்து கண் அசந்தால் ஸ்டாண்ட் டூ நேரம் வந்துவிடும், ஆயுதத்தோடு எல்லாரும் மோர்ச்சாவில், அதாவது பதுங்கு குழியில், இருக்க வேண்டும். ஒரு கம்பெனி எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள யாராவது என்னை அனுப்பினால், அந்த ரெண்டு மணி டியூட்டி கடந்த ஒரு மாதத்தில் யார் யாருக்குப் போயிருக்கிறது என்ற பட்டியலைத்தான் முதலில் கேட்பேன். அதில் நான்கைந்து பெயர்களே திரும்பத் திரும்ப வந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டாம்.

எனக்கு முந்தைய சி.ஹெச்.எம்.கள் சிலர் ரோஸ்டரை, அதாவது டியூட்டிப் பட்டியலை, சட்டைப் பையில் வைத்திருப்பார்கள். கேட்டால் எடுத்துப் பார்த்து, "நாளைக்கு நீ" என்பார்கள். நான் அதைப் பெரிய தாளில் கோடு போட்டு பேரக் சுவரில் ஒட்டிவிட்டேன். சாதாரண இரவுகள் ஒரு கட்டம், ஞாயிற்றுக்கிழமை தனிக் கட்டம், பண்டிகை இரவுகள் தனிக் கட்டம், ரெண்டு மணி டியூட்டி தனிக் கட்டம். பண்டிகை இரவு நின்றவனுக்குச் சாதாரண இரவைக் கழித்தால் கணக்கு நேராகாது, பண்டிகை இரவையே கழிக்க வேண்டும். ஆபீஸ் வேலைக்காரர்களையும் வாரம் ஒரு இரவாவது உள்ளே இழுத்தேன். அவர்கள் நின்றதால் மற்றவர்களுக்குக் கிடைத்த ஓய்வு கொஞ்சம்தான். ஆனால் கம்பெனி கிளார்க் துப்பாக்கியோடு நிற்பதைப் பார்த்தவனிடம் வேறு வாதம் இல்லாமல் போயிற்று. தாள் சுவருக்குப் போன பிறகு என்னிடம் வந்து முறையிட்டவர்களும் குறைந்தார்கள். நான் ஒன்றும் திடீரென்று நல்லவனாகிவிடவில்லை. சுவரைப் பார்த்து அவனே எண்ணிக்கொள்ள முடிந்தது.

லீவு இதைவிடச் சிக்கல். நான் இருந்தபோது சிப்பாய்க்கு வருஷத்துக்கு 60 நாள் ஆனுவல் லீவும் 30 நாள் கேஷுவல் லீவும் உண்டு. எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. போஸ்டில் ஆள் இருந்தாக வேண்டும், ஒரே சமயத்தில் இத்தனை பேருக்கு மேல் அனுப்ப முடியாது. எங்கள் ரெஜிமெண்டில் தமிழன், மலையாளி, தெலுங்கர், கன்னடர் எல்லாரும் கலந்து இருப்பார்கள். பொங்கல், சங்கராந்தி, யுகாதி, ஓணம், தசரா, தீபாவளி, கிறிஸ்துமஸ், ரம்ஜான் என்று வருஷம் முழுக்க யாருக்காவது ஊருக்குப் போக நியாயமான காரணம் இருக்கும். அத்தோடு தங்கை கல்யாணம், குழந்தைக்குக் காதுகுத்து, நிலத் தகராறு. காஷ்மீரில் இருந்து தெற்கே வருவதே ஒரு தனிக்கதை. பனி விழுந்து பாதை அடைத்தால் டிரான்சிட் கேம்பில் காத்துக் கிடக்க வேண்டும். அப்புறம் ஜம்முவில் இருந்து கன்னியாகுமரிக்கு ஹிம்சாகர் எக்ஸ்பிரஸில் ஏறினால் அதிலேயே ஏறக்குறைய மூன்று நாள் போய்விடும்.

எங்கள் கம்பெனி கமாண்டராக இருந்த ஒரு மேஜர் இதற்கு வைத்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது. வருஷத் தொடக்கத்தில் ரோல்காலில் எல்லாரையும் உட்காரவைத்து, ஒவ்வொருவனும் தனக்கு வேண்டிய இரண்டு காலங்களைச் சொல்ல வேண்டும் என்பார். போன வருஷம் தன் பண்டிகைக்குப் போனவன் இந்த வருஷம் வரிசையில் பின்னால். மோதல் வந்தால் மோதுகிற இருவரும் தங்களுக்குள் பேசி மாலைக்குள் சொல்ல வேண்டும், முடியாவிட்டால் அவர் தீர்ப்பு. பெரும்பாலும் அவர்களே முடித்துக்கொண்டு வருவார்கள். "டேய், எனக்கு ஓணத்தை விட்டுக்கொடு, பொங்கலுக்கு உன் டியூட்டியையும் சேர்த்து நான் பார்த்துக்கிறேன்" என்று ஒரு பாலக்காட்டுப் பையன் திண்டுக்கல் பையனிடம் பேரம் பேசியது என் காதில் விழுந்திருக்கிறது. எமர்ஜென்சிக்கென்று சில இடங்களைக் காலியாகவே வைத்திருப்பார். யார் கெஞ்சினாலும் அதை நிரப்பமாட்டார். ஊரில் அப்பா சாகக் கிடக்கிறார் என்று செய்தி வந்தால் அன்றைக்கே அனுப்ப இடம் இருக்கும்.

டேராடூனில் உள்ள இந்தியன் மிலிட்டரி அகாடமியில் ஆபீசர்கள் மனப்பாடம் செய்கிற வாசகம் ஒன்று உண்டு. 1932-ல் அப்போதைய தலைமைத் தளபதி ஜெனரல் செட்வோட் அங்கே பேசிய உரையிலிருந்து எடுத்தது. நாட்டின் பாதுகாப்பும் கௌரவமும் நலனும் முதலில், நீ நடத்தும் வீரர்களின் கௌரவமும் நலனும் சௌகரியமும் அடுத்து, உன் சொந்தச் சுகமும் பாதுகாப்பும் எப்போதும் கடைசியில் என்பது அதன் சாரம். கல்லில் பொறித்ததை யாரும் படிக்கலாம். நாங்கள் பார்ப்பது வேறு. எமர்ஜென்சி இடங்களில் ஒன்றை ஆபீசர் தனக்கு எடுத்துக்கொள்கிறாரா என்று பார்ப்போம்.

ஜே.சி.ஓ.க்களைப் பற்றிச் சொல்லாமல் இந்திய ராணுவ அமைப்பு முழுசாகாது. நாயப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர் ஆகியோர் ஆபீசர்களுக்கும் ஜவான்களுக்கும் நடுவில் இருக்கிறவர்கள். வெள்ளைக்காரன் காலத்தில் வைஸ்ராய் கமிஷன்ட் ஆபீசர் என்று பெயர், சுதந்திரத்துக்குப் பிறகு ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர் ஆயிற்று. இருபது வருஷத்துக்கு மேல் சர்வீஸ் போட்ட சுபேதார், இருபத்துமூன்று வயது லெப்டினண்டுக்கு சல்யூட் அடிப்பார். அந்த லெப்டினண்டும் அவரை "சாப்" என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார். சட்டப்படி அதிகாரம் இளையவரிடம், அனுபவம் மூத்தவரிடம். இதைச் சரியாக நடத்தத் தெரிந்த இரண்டு பேர் இருந்தால் அந்தப் பிளட்டூனுக்குக் கவலையில்லை.

நான் பார்த்த ஒரு ஜோடியைச் சொல்கிறேன். ஒரு கஷ்த்துக்கு, அதாவது ரோந்துக்கு, கிளம்பும் முன் லெப்டினண்ட் சொன்னார்: "சாப், நாலா வழியா இறங்கிப் போனா ஒரு மணி நேரம் மிச்சமாகும்." வடக்கத்திக்காரர், எங்களோடு இருந்து தமிழ் பேசப் பழகியவர். சுபேதார் "சரி சார்" என்றார். கொஞ்ச நேரம் விட்டு, "போறதுக்கு முன்னாடி சேண்ட் மாடல்ல ஒரு தடவை பார்த்துரலாமா சார்? பசங்களைக் கூப்பிட இன்னும் நேரம் இருக்கு" என்றார். இருவர் மட்டும் மாடல் பக்கம் போனார்கள். மண்ணில் செய்த அந்த மலைக்கு நடுவே நாலாவை, அதாவது ஓடைப் பள்ளத்தை, காட்டி, "இந்த இடத்துல நம்ம ரேடியோ செட் பேசுமா சார்?" என்று கேட்டாராம். இரண்டு பக்கமும் மலை, செட் பேசாது. லெப்டினண்டுக்குப் புரிந்துவிட்டது. எங்களைக் கூப்பிட்டு மேட்டுப் பாதையை உத்தரவாகச் சொன்னார். சுபேதார் பின்னால் கை கட்டி நின்றுகொண்டிருந்தார். நடந்தது எங்களுக்குத் தெரிய வந்ததே லெப்டினண்ட் பிற்பாடு தானே சொன்னதால்தான். "சார், அது தப்பு" என்று எங்கள் முன்னால் சுபேதார் சொல்லியிருந்தாலும் பாதை மாறியிருக்கும். ஆனால் அடுத்த முறை அந்த இளைஞர் அவரிடம் யோசனை கேட்டிருக்கமாட்டார்.

ஆர்டர் கொடுக்கும் முறையில் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். நிலவரம், வேலை, அதைச் செய்யும் முறை, சாப்பாடு தண்ணீர் மருத்துவம், கமாண்டும் சிக்னலும் என்று ஆர்டர் ஐந்து தலைப்புகளில் வரும். அந்தக் கடைசித் தலைப்பில் கமாண்டர் வாய்விட்டுச் சொல்வார்: "நான் விழுந்தா நாயக் எடுத்துக்குவார். அவரும் விழுந்தா லான்ஸ் நாயக்." உயிரோடு நிற்கிற ஆள் தன் சாவை நேர அட்டவணையில் ஒரு வரியாகச் சொல்வது முதல் தடவை கேட்கும்போது வயிற்றைக் கலக்கும். அப்புறம் பழகிவிடும். வெளியே வந்த பிறகு நான் பார்த்த எந்த கம்பெனியிலும் மேனேஜர் இல்லாவிட்டால் அடுத்து யார் என்று யாரும் சொல்லிவைப்பதில்லை. அவர் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் படுத்தால் சாவி எங்கே என்று தேடுகிறார்கள்.

உயரமான மலைப்பகுதியில் அமைப்பு இன்னும் சுருங்கும். அங்கே முதல் விதி, உடம்பைப் பழக்காமல் மேலே போகக் கூடாது. 9,000 அடி முதல் 12,000 அடி வரை 6 நாள், அதற்கு மேல் 15,000 அடி வரை 4 நாள், அதையும் தாண்டினால் இன்னும் 4 நாள். முதல் இரண்டு நாள் ஓய்வு மட்டும்தான், படுத்துக் கிடக்க வேண்டும். இதில் ரேங்க் செல்லாது. அவசரமாக மேலே போக நினைத்த ஒரு மூத்த ஆபீசரை மெடிக்கல் ஆபீசர் தடுத்து நிறுத்தியதை நான் பார்த்திருக்கிறேன். அவரும் எங்களைப் போலவே நாள் முடியும் வரை உட்கார்ந்திருந்தார். அந்த ஒரு காரியத்தால் எங்கள் கண்ணில் அவர் மதிப்பு கூடியது. விதி மேலே இருப்பவனையும் கட்டுகிறது என்று தெரிந்தால் கீழே இருப்பவன் அதை ஏமாற்ற நினைக்கமாட்டான்.

ஹேப்போ என்கிற நுரையீரலில் நீர் கோக்கும் வியாதி வந்தவன் தானாகச் சொல்லமாட்டான். "சும்மா இருமல்தான்" என்பான். கூச்சம், கோழை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அதனால் ஒவ்வொருவனுக்கும் ஒரு ஜோடி உண்டு. ராத்திரி ஜோடிக்காரன் மூச்சு எப்படி இருக்கிறது, உட்கார்ந்திருக்கும்போதே வாங்குகிறதா, உளறுகிறானா என்று பார்த்துச் சொல்வது மற்றவன் பொறுப்பு. காலையில் நான் கேட்கும் கேள்வியை அதற்கேற்ப மாற்றிக்கொண்டேன். "எப்படி இருக்கே?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன் சாப்" என்பதைத் தவிர வேறு பதில் வராது. "உன் ஜோடி எப்படித் தூங்கினான்?" என்று கேட்டால் உண்மை வரும்.

சில போஸ்டுகளில் ஆபீசரே இருக்கமாட்டார். ஒரு ஜே.சி.ஓ. அல்லது ஹவில்தார், கூட ஒரு செக்‌ஷன் அளவு ஆட்கள், அவ்வளவுதான். 2016 பிப்ரவரி 3-ம் தேதி சியாச்சினில் 19,600 அடி உயரத்தில் சோனம் போஸ்ட் பனிச்சரிவில் புதைந்தபோது அங்கே இருந்தவர்கள் மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19-வது பட்டாலியனைச் சேர்ந்த ஒரு சுபேதார் உட்பட 10 பேர். லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பட் ஆறாம் நாள் உயிரோடு மீட்கப்பட்டு, 11-ம் தேதி டெல்லியில் இறந்தார். மற்ற ஒன்பது பேரும் பனிக்குள்ளேயே போய்விட்டார்கள். நாட்டுக்கு அது செய்தி. எங்களுக்கு அது எண்ணிப் பார்க்கத் தெரிந்த எண், ஒரு முழு செக்‌ஷன்.

அப்படிப்பட்ட இடத்தில் சண்டை எதிரியோடு வருவதற்கு முன் உள்ளேயே வரும். யார் என் மக்கில் டீ குடித்தது, யார் ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் ஊற்றவில்லை என்றெல்லாம். பனியை உருக்கித் தண்ணீர் எடுப்பது பெரிய வேலை, யாருக்கும் பிடிக்காது. போஸ்ட் கமாண்டர் அந்த வேலையைத் தன் முறையிலும் சேர்த்துக்கொண்டால் பாதிச் சண்டை கிளம்பாது. ஆனால் எல்லா வேலையையும் அவரே இழுத்துப் போட்டுச் செய்யவும் கூடாது. செய்தால் ராத்திரி ரவுண்டு போக அவருக்குத் தெம்பு இருக்காது.

குறை கேட்பதைப் பற்றிக் கொஞ்சம். மாதம் ஒரு முறை சைனிக் சம்மேளன் நடக்கும். சி.ஓ. எல்லாரையும் உட்காரவைத்துப் பேசுவார், கடைசியில் யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்பார். ஒரு காலத்தில் வேறொரு யூனிட்டில் கொஞ்ச நாள் இருக்க நேர்ந்தது. அங்கே ஒரு ஜவான் எழுந்து, லங்கரில் பருப்பு தண்ணியாக இருக்கிறது என்றான். மேடையில் இருந்தவர் சிரித்துக்கொண்டே, "இவன் எந்த கம்பெனி?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். அடுத்த சம்மேளனங்களில் ஒரு குரலும் எழவில்லை. எங்கள் ஜவான்களுக்குக் குறையே இல்லை என்று அங்கே எழுதிக்கொண்டிருப்பார்கள். குறை வராத இடத்தில் சுபேதார் செய்ய வேண்டியது, லங்கரில் தட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பது, இல்லாவிட்டால் முடி வெட்டுகிற இடத்தில் போய் உட்கார்வது. அங்கே எல்லாம் தானாக வரும். வந்ததைச் சரிசெய்துவிட்டு, யார் சொன்னது என்பதை மறந்துவிட வேண்டும்.

ஓய்வுக்குப் பிறகு இந்த மில் வேலை. ராணுவத் தலைமை என்று கார்ப்பரேட் வகுப்புகளில் நெஞ்சை நிமிர்த்திக் கத்துகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வருகிறது. கத்துவது பரேடு மைதானத்துக்கு. அங்கே சத்தம் எட்டாது என்பதால் கத்துகிறோம். இங்கே கத்தினால் பையன் மறுநாள் பக்கத்து மில்லுக்குப் போய்விடுவான்.

பட்டாளத்தில் இருந்து நான் இங்கே கொண்டுவந்தவை மூன்று. ரோஸ்டர் கேட் ரூம் சுவரில் ஒட்டியிருக்கிறது, நைட் ஷிஃப்டும் பண்டிகை நாளும் தனித்தனிக் கட்டத்தில். புதிதாக எதைச் சொன்னாலும் கடைசியாகச் சேர்ந்த பையனைத் திருப்பிச் சொல்லச் சொல்கிறேன். நான் இல்லாவிட்டால் யார், அவரும் இல்லாவிட்டால் யார் என்று எழுதி வைத்திருக்கிறேன். இதற்கெல்லாம் அதிகாரமோ செலவோ தேவைப்படவில்லை.

நான்காவதுதான் நடக்கவில்லை, லீவுக்கும் வியாதிக்கும் என்று கூடுதல் ஆள் வைத்துக்கொள்வது. மூன்று ஷிஃப்டுக்கும் சேர்த்து எனக்கு வேண்டியது 20 பேர், நிர்வாகம் கொடுத்திருப்பதும் சரியாக 20 பேர். ஒருவன் லீவு எடுத்தால் இன்னொருவன் பதினாறு மணி நேரம் நிற்கிறான். பட்டாளத்திலும் ஆள் குறைவுதான். ஆனால் லீவு, கோர்ஸ், வியாதி எல்லாம் இருக்கும் என்று தெரிந்தேதான் அங்கே கம்பெனிக் கணக்கைப் போடுவார்கள். 24 பேர் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். "சார், நாலு பேர் சும்மாதானே இருப்பாங்க?" என்று கேட்டார்கள். ரோஸ்டர் தாளையே நகல் எடுத்து, பதினாறு மணி நேரம் நின்றவர்கள் பெயரைச் சிவப்பில் வட்டமிட்டு மறுபடி அனுப்பியிருக்கிறேன். தீபாவளிக்குள் இரண்டு பேராவது வருவார்கள் என்று மேனேஜர் சொல்கிறார்.